இருபதுக்குப் பதினொன்று

பூலாங்கேணியில் எடை பாதியாகக் குறைந்த முதல் வியாழக்கிழமை, காலை சரியாகப் பத்து மணிக்கு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இசக்கிமுத்து ஆற்றிக்கொண்டிருந்த டீ மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்குச் சாவகாசமாக இறங்கியது. அவன் அதை ஒரு நிமிஷம் பார்த்தான், பாலில் என்னத்தையோ கலந்துவிட்டான் பால்காரன் என்று வைதான், அடுத்த டீயை ஆற்றப் போனான். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள் ஆளுக்கு இரண்டு மூட்டையைத் தூக்கிவிட்டு, நெல்லு நல்லாக் காஞ்சிருக்கு என்று மெச்சிக்கொண்டார்கள். பள்ளிக்கூடக் காம்பவுண்டில் நின்ற வெடக்கோழி ஒன்று அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து செல்போன் டவரின் முதல் தட்டுக்கும் பறந்து போய் உட்கார்ந்து, இத்தனை நாள் இந்த அறிவு எங்கே போயிற்று என்பது மாதிரி கொக்கரித்தது. ஒரு மணிக்கு எடை திரும்பி வந்தபோது, குடத்தோடு படியேறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ‘யம்மாடி’ என்று இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினார்கள்.

அடுத்த வியாழனும் அப்படியே ஆனபோது, ஊர் யோசிக்கவில்லை, புகார் எழுதியது. எடையில் குளறுபடி என்றால் எடையளவு ஆபீஸுக்குத்தானே எழுத வேண்டும்? அந்த ஆபீஸில் முத்திரை ஆய்வாளராக இருந்தது நம் உலகம்மாள். கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை அடித்துச் சான்றிதழ் கொடுப்பது, சரியில்லாவிட்டால் அபராதம் எழுதுவது, இதுதான் அவள் உத்தியோகம். பதினான்கு வருஷமாக ஒரு முத்திரை கூடப் பொய்யாக அடித்ததில்லை. சொந்தச் சித்தப்பா கடையிலேயே அபராதம் எழுதிவிட்டு, அங்கேயே மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டு வந்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியும் எடைக்கற்களும் சேர்த்து இருபது கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி பஸ் இறங்கி அவளுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது வியாழன் அவள் மார்க்கெட்டுக்குப் போனாள். மீன்கார செண்பகக்கனியின் கைத்தராசைப் பார்த்தாள், சரியாக இருந்தது. பழைய இரும்பு வாங்கும் வேலாண்டியின் சுருள்வில் வைத்த கொக்கித் தராசில் தன் பெட்டியை மாட்டினாள். இருபது காட்ட வேண்டிய முள் பத்தில் நின்றது.

“எக்கா, என் தராசு நல்லாத்தான இருக்கு, அவன் தராசுதான கள்ளத் தராசு?” என்றாள் செண்பகக்கனி, வேலாண்டியைக் கண்ணால் எரித்தபடி.

“ரெண்டும் நல்லதுதான். உன் தராசுல இந்தப் பக்கம் மீனு, அந்தப் பக்கம் கல்லு, ரெண்டும் சேந்தே லேசாகுது, அதனால சமமா நிக்கும். அவருது வில்லுத் தராசு. பொருளு இழுக்குத இழுப்பைத்தான் அது காட்டும். எடை குறைஞ்சிருக்கு. பொருளு குறையல.”

“அப்ப ஒண்ணும் தப்பில்ல?”

“ஒண்ணும் தப்பில்ல. வியாழக்கிழமை வில்லுத் தராசைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.”

ஊருக்கு இந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அரசாங்கத்து அம்மாவே தப்பில்லை என்று சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? அவள் மட்டும் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்து, மறுபடியும் மூடினாள். எடை ஏன் குறைந்தது என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். காரணம் அவளே.

இதைச் சொல்ல வேண்டுமானால் சுபானுவைச் சொல்ல வேண்டும். ‘செங்காந்தள்’ வார இதழில் ஒன்பது வருஷமாக விஞ்ஞானக் கதை எழுதிவந்த சுபானு ஆணா பெண்ணா, கிழமா குமரா என்று யாருக்கும் தெரியாது. சுபானு என்பது இரண்டு பேர். ஒன்று உலகம்மாள், இன்னொன்று அவள் புருஷன் கோமதிநாயகம். அவர்கள் கல்யாணப் பத்திரிகையில் ‘நிகழும் மங்களகரமான சுபானு வருடம்’ என்று அச்சடித்திருந்ததிலிருந்து எடுத்த பெயர் அது. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவள் பத்திரிகைக்கு எழுத வேண்டுமானால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். விண்வெளிக் கப்பலுக்கும் வேற்றுக் கோளுக்கும் அனுமதி கேட்டு மனுப்போட அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ரகசியம்.

கோமதிநாயகம் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், காதுகுத்து எதுவானாலும் அவர் ஒலிபெருக்கிக் குழாய்தான் பாடும், அவர் குரல்தான் ‘பெரியோர்களே தாய்மார்களே’ சொல்லும். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனவர். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டு, டக் டக்கென்று நடப்பார். வாய்க்கு மட்டும் எந்தக் கம்பியும் கிடையாது.

அவர்கள் கதை எழுதுகிற விதமே தனி. தினமும் விடிகாலையில் அடுக்களையில் காப்பி கொதிக்கும்போது அவர் சொல்லுவார், அவள் எழுதுவாள். அவர் பேனாவைத் தொடக் கூடாது, அவள் வாயைத் திறக்கக் கூடாது. இது ஒப்பந்தம். அவர் பத்துச் சொன்னால் அவள் பிடித்த ஆறை மட்டும் எழுதுவாள், மிச்சம் நாலைத் தானாகப் போட்டுக்கொள்வாள். என்ன விட்டாள், என்ன சேர்த்தாள் என்பது அச்சில் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை புத்தகம் வந்ததும், ஊரில் முதல் ஆளாக வாங்கி, அடுத்து என்ன ஆகப்போகிறதோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு தன் கதையைத் தானே படிப்பார் மனிதர். “பாவி! அந்தக் கேப்டனைக் கொன்னுட்டியேளா!” என்று ஆபீஸுக்கே போன் போடுவார்.

நடந்த பிசகு இதுதான். ஒருநாள் அவர் புதுத் தொடருக்கு, எடையே இல்லாமல் சனங்கள் பறந்து திரிகிற கோள் ஒன்றைச் சொன்னார். அவளுக்கு எடை என்றால் விளையாட்டா? எடையே இல்லையென்றால் பாலை எப்படி அளப்பான், பஸ் எப்படி பிரேக் பிடிக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, ‘இந்த ஊரில் வியாழக்கிழமைதோறும் பத்து மணி முதல் ஒரு மணி வரை எல்லாப் பொருளின் எடையும் சரிபாதி’ என்று சுருக்கி எழுதினாள். அன்றைக்கு மார்க்கெட் கொட்டகையில் வருஷாந்திர முத்திரை முகாம். எழுதின காகிதத்தையும் கையோடு கொண்டுபோய், ஆள் வராத நேரத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்து, சான்றிதழ்க் கட்டோடு வைத்துவிட்டாள். சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ‘சரிபார்க்கப்பட்டது’ முத்திரை, ‘இடம்: பூலாங்கேணி’ முத்திரை, தேதி, கையெழுத்து என்று போட்டுக்கொண்டே போனவள், கதைக்கும் போட்டுவிட்டாள். சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும். உலகம்மாள் முத்திரை அடித்தது பொய்யாக இருந்ததில்லை அல்லவா? இதுவும் பொய்யாகவில்லை.

பத்திரிகைக்கு அனுப்பப் பிரதி எடுக்கும்போதுதான் முத்திரை கண்ணில் பட்டது. முறைப்படி பார்த்தால், தவறாக அடித்த முத்திரையை உடனே குறுக்கே கோடு போட்டு ரத்து செய்ய வேண்டும். அந்த இரண்டாவது வியாழக்கிழமை பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் காலடிச் சத்தம். டக் டக் இல்லை. யாரோ வெறுங்காலோடு நடந்து வருகிற சத்தம். நிமிர்ந்தால், கோமதிநாயகம் காலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறேன் என்பது போல நடந்து வந்து, அடுக்களை வாசலில் நின்றார். அவருக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கே பேச்சு வரவில்லை!

“ஏளா,” என்றார் கடைசியில், “இந்தத் தரை இம்புட்டுக் குளிர்ச்சியாவா இருக்கும்?”

அவள் பேனாவை மூடிவிட்டாள். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொழுது சாய்வதற்குள் நாலு குழாயிலும் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் நாளைக்கு ரத்து செய்துவிடுவோம் என்று டிரங்குப் பெட்டியைத் திறப்பாள், வியாழக்கிழமை அவர் தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்ததும் மூடுவாள். பதினான்கு வருஷத்து நேர்மை அவளைத் தினம் குத்திக்கொண்டே இருந்தது. குத்தட்டும் என்று இருந்தாள்.

ஊருக்கா, கொண்டாட்டம்! வியாழக்கிழமை என்றால் முழங்கால் வலிக்காரிகள் எல்லாரும் முன்னூறு படி ஏறி மலைமேல் முருகனைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்தார்கள். அச்சு முறிந்துவிடும் என்று இருபது வருஷமாக நிலையிலேயே நின்ற தேரை, பதினொரு மணிக்கு வடம் பிடித்துப் பன்னிரண்டரைக்கு நிலை சேர்த்தார்கள். தென்னை ஏறுகிறவர்களுக்கு வாரம் முழுக்க ஓய்வு, வியாழன் மட்டும் வேலை. பிரேக் சரியாகப் பிடிக்காது என்று ஊர் எல்லைப் பலகையைக் கண்டதும் டிரைவர்கள் பஸ்ஸை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் சேலைக்கு இரண்டு ஊக்கு அதிகமாகக் குத்தினார்கள். வெற்றிலை எச்சிலைத் துப்பினால் நினைத்த இடத்தில் விழாமல் எதிர்வீட்டில் போய் விழுந்ததில் மூன்று குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது உண்டு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியை டிரில் வாத்தியார் எட்வின் சார் வியாழக்கிழமை வைத்து, எட்டாம் வகுப்பு பிள்ளை ஒன்று இருபத்தாறு அடி நீளம் தாண்டியதை மாவட்டத்துக்கு எழுதி அனுப்ப, டேப்பைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. டேப்புக்கும் முத்திரை அடித்தது நாந்தான் என்று உலகம்மாள் சண்டைக்குப் போனாள்.

ஒரே தொல்லை, ஒரு மணி. எடை சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும். முதல் மாசத்தில் நாலு கை, இரண்டு கணுக்கால் போயிற்று. அதற்குத்தான் பேரூராட்சித் தலைவர் சொர்ணத்தாய், கோமதிநாயகத்தை நியமித்தார். பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் குரல் ஊரெல்லாம் கேட்கும். “பெரியோர்களே, தாய்மார்களே! இன்னும் பத்து நிமிஷத்துல நமது எடை நம்மை வந்தடையும். மரத்துல நிக்கவங்க இறங்கிருங்க. ரெண்டு மூட்டை தூக்கினவங்க ஒண்ணைக் கீழ வச்சிருங்க. செண்பகக்கனியக்கா, கூரைல நிக்க உங்க கோழியைக் கூப்பிடுங்க!” குழாய் கட்ட அவரே கம்பத்தில் ஏறினார். முப்பது வருஷம் கீழே நின்று, அந்தப் பக்கம் திருப்பு, இந்தப் பக்கம் திருப்பு என்று கத்திக்கொண்டிருந்த மனிதர், மேலே ஏறி நின்று தன் குழாயைத் தானே திருப்பினார். உலகம்மாள் ஆபீஸ் ஜன்னலில் இருந்து அதைப் பார்ப்பாள். கண் நிறையும். துடைத்துக்கொண்டு அபராதம் எழுதுவாள்.

இதற்கிடையில் செங்காந்தளில் தொடர் வந்தது, வம்பும் வந்தது. வாசகர் வட்டச் செயலாளர் ஆவுடையப்பன் கொதித்துப்போய் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ‘சுபானு என்பவர் எங்கள் ஊரில் வந்து ரகசியமாகத் தங்கி, நடப்பதை அப்படியே எழுதிவிட்டு விஞ்ஞானக் கற்பனை என்று ஏமாற்றுகிறார். இதில் கற்பனை எங்கே இருக்கிறது? இது செய்தி.’ கடிதம் அச்சில் வந்ததும் அவரே லாட்ஜ் லாட்ஜாகப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். நோட்டும் பேனாவுமாக வந்த வேளாண்மை அதிகாரி ஒருவரை ஊர் இரண்டு நாள் பின்தொடர்ந்தது. கோமதிநாயகத்துக்கு வயிறு எரிந்தது.

“நான் மூளையைக் கசக்கிச் சொன்னதைக் காப்பின்னு சொல்லுதானே, இவன் வெளங்குவானா?” என்று காலையில் புலம்பினார். “ஊரு என் கதையைப் பாத்துல்லா காப்பி அடிக்கி!”

உலகம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தம் அப்படி.

வருஷம் ஓடிவிட்டது. முத்திரை அந்த வாரம் சனிக்கிழமையோடு காலாவதி. தானாகவே போய்விடும், ரத்து செய்த பாவம் தனக்கு வேண்டாம் என்று ஒரு மனசு. போய்விட்டால் அவர் மறுபடி டக் டக்கென்று நடப்பாரே என்று ஒரு மனசு. புதன்கிழமை காலையில் கோமதிநாயகம் தொடரின் கடைசி அத்தியாயத்தைச் சொல்ல உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, “அன்னைக்கோட அந்த ஊருக்கு எடை திரும்பி வந்துட்டு. சனங்க அழுதாங்க. அந்த மைக்செட்காரன்...” என்று ஆரம்பித்தவர், பேனா ஓடும் சத்தம் கேட்காமல் கண்ணைத் திறந்தார்.

“என்னளா, எழுதலியா?”

“எழுத மாட்டேன்,” என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கதை நேரத்தில் வாயைத் திறந்துவிட்டாள். திறந்த வாய் மூடவில்லை. முகாம், கட்டு, முத்திரை, டிரங்குப் பெட்டி என்று எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டித் தீர்த்தாள். காகிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் வாசித்தார். சரிபாதி என்ற வரிக்குக் கீழே, முகாமில் அவள் சேர்த்து, பிரதி எடுக்கும்போது பத்திரிகைக்கு அனுப்பாமல் விட்ட இரண்டு வரி இருந்தது. ‘அந்த ஊரில் ஒரு கால் சூம்பியவன் ஒருவன் உண்டு. வியாழக்கிழமைகளில் அவன் இரும்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் நடப்பான்.’

“இதை ஏன் அனுப்பல?”

“நீங்க படிச்சிருவீங்களேன்னுதான்.”

அவர் அதை இன்னொரு தடவை வாசித்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கூறுகெட்டவளே,” என்றார். “நான் எடை இல்லாத ஊரை எதுக்குச் சொன்னேன்னு நெனச்சே? என் காலுக்கா? உன் பெட்டிக்குத்தாம்ளா! இருபது கிலோவைத் தூக்கித் தூக்கி இடுப்பு தேஞ்சு நிக்கியே, கதையிலயாவது லேசா இருக்கட்டும்னு சொன்னேன். நீ என்னன்னா இந்த ஊருன்னு போட்டு, வியாழக்கிழமைன்னு போட்டு, மூணு மணி நேரம்னு சுருக்கிட்டே. பெட்டியைத் தூக்கிட்டு நீ போறதெல்லாம் வெளியூருல்லா!”

“பிரேக் பிடிக்காதுல்லா,” என்றாள் அவள் தேம்பிக்கொண்டே.

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். காப்பி பொங்கி அடுப்பு அணைந்தே போயிற்று. அவளுக்குள் ஒரு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தது எங்கே போயிற்றோ தெரியவில்லை, அப்படியொரு தைரியம் வந்தது. “கேளுங்க,” என்றாள். “போன வருஷம் அடிச்சது தெரியாம அடிச்சது. இப்பத் தெரிஞ்சே அடிக்கேன். ஆனா முறைப்படி. எடை உண்மையிலேயே பாதியா இருக்கான்னு எல்லார் முன்னாலயும் சோதிக்கணும். நாளைக்கு வியாழன், முகாமை நாளைக்கே வைக்கேன். சொந்தக்காரர் பொருளோட நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

“சொந்தக்காரர் யாரு?”

“சுபானு.”

அவர் அவளையே பார்த்தார். “வெளிய தெரிஞ்சா உன் வேலைக்கு?”

“அது என் பாடு.”

மறுநாள் மார்க்கெட் கொட்டகையில் ஊரே நின்றது. கடைத் தராசுகளுக்கு ஒரு மணிக்கு மேல், அதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை என்று அவள் அறிவித்திருந்தாள். பன்னிரண்டரைக்கு வரிசையில் தராசும் கையுமாக நின்றவர்களுக்கு நடுவே, ஒரு காகிதமும் கையுமாக, வெறுங்காலோடு வந்து நின்றார் கோமதிநாயகம்.

“என்ன கொண்டாந்திருக்கீங்க?” என்றாள் உலகம்மாள், யாரோ வேற்றாளைக் கேட்பது மாதிரி.

“கதை,” என்றார். “புதுப்பிக்கணும்.”

கழுத்தில் தொங்கிய மைக்கில் விஷயத்தை அவர் இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்தார். கொட்டகை ஒரேயடியாகப் பேசியது. “அப்ப நீங்கதானா வே அது!” என்று ஆவுடையப்பன் நெஞ்சில் கை வைத்தார். சனிக்கிழமையோடு எடை குறைவது நின்றுவிடும் என்று கேட்டதும் பெண்கள் கூட்டம் முன்னால் நெருக்கியது. “அடிம்மா முத்திரையை, என்னத்துக்கு யோசிக்கே!” என்றாள் செண்பகக்கனி.

உலகம்மாள் காகிதத்தை உரக்க வாசித்தாள். ‘எல்லாப் பொருளின் எடையும் சரிபாதி.’ வேலாண்டியின் கொக்கித் தராசில் தன் பெட்டியை மாட்டினாள். முள் ஆடியது. பத்தைத் தாண்டியது. நின்றது.

பதினொன்று.

இன்னொரு தடவை மாட்டினாள். பதினொன்று. வேறு கொக்கித் தராசு கொண்டுவரச் சொன்னாள். அதிலும் அதே பதினொன்று.

“தேறல,” என்றாள்.

“ஒரு கிலோதானம்மா, விடுங்க!” என்று பத்துப் பேர் கத்தினார்கள்.

“போன வாரம் ஒரு கிலோவுக்கு உங்க கடையில அபராதம் எழுதினேம்லா அண்ணாச்சி, அப்ப விட்டேனா?” என்றாள், கத்தினவர்களில் ஒரு கடைக்காரரைப் பார்த்து.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முத்திரை கையில் இருந்தது. எதிரே அவர் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடி ஒரு அழுத்து அழுத்தினால் தீர்ந்தது. ஊரே அதைத்தான் கேட்கிறது. அவள் கை பாதி தூரம் போனதை அவர் பார்த்தார்.

“ஆய்வாளரம்மா,” என்றார் மைக்கில், மெதுவாக. “தராசு சரியில்லாட்டி கடைக்காரங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?”

“பழுது பாத்துக் கொண்டாங்கன்னு சொல்லுவேன். தெனம் பொழங்குத எதுவும் வருஷத்துல கொஞ்சம் நழுவத்தான் செய்யும். அதுக்குத்தான் வருஷாவருஷம் பாக்கோம்.”

“அப்பப் பழுது பாக்கேன். பேனாவை எடுளா. நான் சொல்லுதேன், நீ எழுது.”

மணி பன்னிரண்டு நாற்பது. அடுக்களையில் ஒன்பது வருஷம் நடந்தது இப்போது ஊர் முன்னால் நடந்தது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு தடவை கூட உள்ளதை உள்ளபடி சொல்லாத வாய் அது. ஐந்து கோளை ஐம்பதாக்கும், பூனையைப் புலியாக்கும். உதட்டைக் கடித்தார், தலையைச் சொறிந்தார்.

“பாதின்னா எடுப்பா இருக்கு. பதினொண்ணுன்னா கதையில நல்லாருக்காதே!” என்றார் பரிதாபமாக.

“வே, மணி ஆகுது, சொல்லித் தொலையும்!” என்று அலறினார் ஆவுடையப்பன்.

“சரி, எழுது. இந்த ஊரில் வியாழக்கிழமைதோறும் பத்து மணி முதல் ஒரு மணி வரை, இருபது கிலோ பொருளின் எடை பதினொரு கிலோ.”

அவள் எழுதினாள். ஒரு எழுத்து விடவில்லை, ஒரு எழுத்து கூட்டவில்லை. பிறகு தானாகப் போட வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதை அவர் அச்சில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல், மைக்கைத் தன் பக்கம் இழுத்து, எழுதிக்கொண்டே வாசித்தாள். “அந்த ஊரில் ஒரு கால் சூம்பியவன் ஒருவன் உண்டு. அவன் என் வீட்டுக்காரர். வியாழக்கிழமைகளில் அவர் இரும்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் நடப்பார்.”

நாலு குழாயிலும் அது கேட்டது. மலைப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவள் அவர் வெறும்பாதத்தைப் பார்த்தாள். அது தரையில் பதிந்திருந்தது. “சரியா இருக்கு,” என்றாள்.

சொந்தக்காரர் கையெழுத்து என்ற இடத்தில் அவர் ‘சுபா’ என்று எழுதிப் பேனாவை அவளிடம் கொடுத்தார், அவள் ‘னு’ என்று முடித்தாள். சுபானு போட்ட முதல் கையெழுத்து அதுதான். சாட்சியாக ஆவுடையப்பன் போட்டார், கோணல்மாணலாக. உலகம்மாள் முத்திரையை எடுத்து, மையில் தோய்த்து, தெரிந்தே, கண்ணைத் திறந்துகொண்டு அடித்தாள். ஊர் போட்ட சத்தத்தில் டவரில் இருந்த கோழிகள் மொத்தமும் பறந்து இறங்கின. “பெரியோர்களே, தாய்மார்களே, அஞ்சு நிமிஷந்தான் இருக்கு, மூட்டையைக் கீழ வைங்க!” என்று அவர் அழுதுகொண்டே அறிவித்தார்.

ஆனால் பலித்ததா என்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை பழைய முத்திரை காலாவதியானது. திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் பத்திரிகையில் எழுதியது எப்படி, முத்திரையைக் கதைக்கு அடித்தது எப்படி, ஏழு நாளில் விளக்கம் தருக. அவள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். எல்லாம் உள்ளபடி, தராசு எண், முள் நின்ற இடம், சாட்சி கையெழுத்து எல்லாம் சேர்த்து. நேரில் வந்து சோதித்துப் பார்க்கலாம், வியாழக்கிழமை வரவும் என்று முடித்தாள்.

அந்த வியாழன் அவளுக்கு வெளியூர் முகாம், பத்தே கால் பஸ். பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். எதிர்வீடு, பக்கத்து வீடு, டீக்கடை, எல்லாரும் வெளியே வந்து மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோமதிநாயகம் படியில் உட்கார்ந்து காலிப்பரின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

பத்து அடித்தது. டீக்கடையில் இசக்கிமுத்து டம்ளரை உயரத் தூக்கி ஆற்றினான். டீ சாவகாசமாக இறங்கியது.

“வந்துட்டு!” என்று கத்தினான். “வந்துட்டு வே!”

தெருவே குதித்தது, குதித்தவர்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே வந்தார்கள். கோமதிநாயகம் எழுந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்து, போன வருஷத்தைவிடக் கால் கொஞ்சம் தடுமாறி, பிறகு நிமிர்ந்து, சுவரை விட்டார். கம்பத்தில் ஏறப் போகிறார், மைக்கைப் பிடிக்கப் போகிறார் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நேரே அவளிடம் வந்து கையை நீட்டினார்.

“பெட்டியக் குடு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் தூக்குதேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பெட்டியைத் தூக்கியதில்லை. அவள் கொடுத்தாள். அவர் அதைத் தோளில் ஏற்றி, வெறுங்காலோடு, அவளுக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார்.

“கனமா இருக்கா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“இல்லாம?” என்றார் திரும்பாமலே, ஊருக்கே கேட்கிற குரலில். “சரியாப் பதினோரு கிலோ இருக்கு!”